பஞ்சுக்கை அக்கா

இதய அறுவை முடிந்த குழந்தைகள் கிடக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த நர்ஸ் அவள்; அங்கே அவளுக்குப் பஞ்சுக்கை அக்கா என்று பெயர். வைத்தவர் பெரிய டாக்டர். அங்கே பல குழந்தைகளின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அட்ரினலின் என்ற மருந்து. சிரிஞ்சு பம்பிலிருந்து துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சிரிஞ்சு தீர்ந்து வேறு மாற்றும்போது கொஞ்சம் பிசகினாலும் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். புதியதை ஓடவிட்ட பிறகே பழையதை நிறுத்த வேண்டும். அக்கா மாற்றினால் திரையில் எண் அசையாது. சிக்கலான குழந்தை என்றால் டாக்டர் அவளைத்தான் தேடுவார். அந்தப் பெருமையில்தான் இத்தனை வருஷமும் கால் வலியை மறந்து நின்றாள்.

பிறகு புது நர்ஸாகச் சின்னவள் வந்து சேர்ந்தாள். வந்த வேகத்தில் டாக்டர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரிதான். அதனால்தான் அக்காவுக்கு வயிறு எரிந்தது. மக்காக இருந்திருந்தால் மகளைப்போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டிலும் அதே பேச்சு. “ஆரம்பிச்சிட்டியா அந்தப் பொண்ணு புராணத்த?” என்று கேட்ட கணவருக்கு அன்று சாப்பாட்டுத் தட்டு ‘ணங்’கென்று வந்து விழுந்தது.

ஒரு காலை, அறுவை முடிந்து வந்த கைக்குழந்தை ஒன்றின் பம்ப், சிரிஞ்சு தீரப்போகிறது என்று கூவியது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். சின்னவள் மாற்றட்டும், நீங்கள் சரிபாருங்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

சரிபார்ப்பவள் மருந்தின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்து, சிரிஞ்சிலிருந்து குழந்தைவரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். அது அந்தப் பிரிவின் வழக்கம். படித்தாள். தடவினாள். குழாயின் நடுவிலிருந்த திருகில் விரல் நின்றது. காற்று ஏறாமலிருக்க மூடிவைத்ததைச் சின்னவள் திறக்க மறந்திருந்தாள். இனி பம்ப் ஓடும். மருந்து உள்ளே போகாது.

இப்படியே விட்டால் எண் இறங்கும், டாக்டர் திரும்பிப் பார்ப்பார், நாளையிலிருந்து பழையபடி அவளைத்தான் கூப்பிடுவார். அக்கா பேசாமல் நின்றாள். ஒரு மூச்சு நேரம்தான். சின்னவளின் விரல் பொத்தானுக்குப் போனது. போர்வைக்கு வெளியே குழந்தையின் கால்விரல்கள் லேசாக மடங்கின.

“திருகு,” என்றாள் அக்கா.

சின்னவள் பதறித் திறந்தாள். புதிய சிரிஞ்சு ஓடியது, பழையது நின்றது. எண் அசையவில்லை. இவள் கை உங்கள் கையைவிடப் பஞ்சு என்று அக்காவிடமே சிரித்துச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். இருந்த பட்டமும் போயிற்று.

கை கழுவும் இடத்தில் அக்கா சொன்னாள்: “இனிமே நீ மாத்தும்போது சரிபாக்க என்னக் கூப்பிடாத. வேற யாரையாவது வச்சுக்கோ.”

சின்னவளுக்குக் கண் கலங்கியது. “தப்பு எம்மேலதான்க்கா. இனிமே மறக்க மாட்டேன். நீங்க பக்கத்துல நின்னாதான் எனக்கு தைரியம்.”

தப்பு உன்மேல் இல்லை, தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் நின்ற என்மேல்தான் என்று சொல்லத்தான் அக்கா நினைத்தாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள். அழும்போதுகூட அந்தப் பெண்ணின் கை நடுங்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு மறுபடி வயிறு எரிந்தது.