ஒப்தூலியா சொன்ன இடம்

ஒப்தூலியாவின் அப்பாவைக் கடல் கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்பது வயது. உடல் கிடைக்கவில்லை, காலிப் பெட்டியைத்தான் புதைத்தார்கள். கடலுக்குப் போகிறவனைக் கட்டமாட்டேன் என்று அன்று சபதம் செய்தாள். இருபத்திரண்டு வயதில், எட்டு மாலுமிகளுக்குத் தலைவனான எலாடியோவையே கட்டினாள். மீன்பிடித் துறைமுகமான புரேலாவில் கட்டிக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

துறைமுகக் கொட்டகையில் அவளுக்கு வேலை. கிரான் சோல் கடலில் மெர்லூசா மீன் பிடித்துத் திரும்பும் படகுகளின், ஆயிரம் முள் கோத்த நீளக் கயிற்றுத் தூண்டில்களைச் சிக்கெடுத்து, மழுங்கிய முட்களை மாற்றி, மறுபடி கூடையில் சுருட்டித் தருவாள். போன அக்டோபரில் கணவனின் கயிற்றில் வெள்ளைப் பவளத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவன் மீன் பிடிப்பதாகச் சொன்ன இடத்தில் வெறும் மணல்தான் உண்டு; பவளம் ஆழ்கடல் சரியும் மேற்கு விளிம்பில்தான்.

அன்று சாப்பாட்டு மேசையில், "மேற்கு விளிம்புக்கா போறீங்க?" என்று கேட்டாள்.

எலாடியோ அவள் வாயைப் பொத்தினான். "நீ எதையும் பாக்கல. அந்தப் போட்டிப் படகுக்காரன் உபால்தோ காதுல விழுந்தா அவ்வளவுதான். ஒரே வாரத்துல துடைச்சு எடுத்துடுவான். ஒம்பது வீட்டு அடுப்பு எரியறது அந்த இடத்தாலதான்." பிறகு அவனே பள்ளி அட்லசைத் திறந்து, பென்சிலே வைக்காமல், நகத்தால் ஓர் இடத்தைக் கீறிக் காட்டினான்.

தினமும் காலை எட்டரைக்குப் படகுகள் வானொலியில் பேசும். அவரவர் சமையலறை அலமாரியில் இருக்கும் வானொலிப் பெட்டியில் ஊரே கேட்கும். பதில் பேச மட்டும் முடியாது.

பிப்ரவரி மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை உபால்தோ குரல் கொடுத்தான். "என்னடா எலாடியோ, இன்னும் அந்த மணல்மேட்டுலதான் நிக்கிறியா?"

"ஆமாண்டா. மூணு மீன் கெடச்சுது. மூணும் என்னைப் பார்த்துச் சிரிக்குது."

அந்தப் பொய்யைக் கேட்டு ஒப்தூலியா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பிறகு எத்தனை முறை நடுங்கினாளோ, அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை புயல். எட்டரைக்கு எல்லாப் படகும் பேசியது. எலாடியோவின் 'நோவா லுஸ்' மட்டும் பேசவில்லை.

புரேலாவில் மௌனத்துக்கு அர்த்தம் இரண்டு. மீன் குவிகிறது, அதனால் வாயை மூடியிருக்கிறான். இல்லையென்றால்... அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. காப்பி ஆறியது. அந்த இடத்தை இப்போது சொல்லிவிட்டு, நாளை அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றால்? ஒன்பது குடும்பத்தின் சோற்றில் மண் போட்டவள் என்று ஊர் தூற்றாதா? சொல்லாமல் இருந்து, அவன் வராமலே போனால்?

பத்து மணிக்குக் கதவு இடிபட்டது. 'நோவா லுஸ்'ஸின் சமையல்காரன் மனைவி சபேலா. தலைமுடியெல்லாம் மழை.

"அக்கா, மணல்மேட்டுல ரெண்டு படகு தேடுதாம். ஒண்ணுமே இல்லையாம். எண்ணெய்த் திட்டுகூட இல்லையாம்!"

தப்பான இடத்தில் தேடுகிறார்கள். எத்தனை நாள் தேடினாலும் தப்பான இடத்தில்தான் தேடுவார்கள்.

செருப்புகூடப் போடாமல் மீனவர் சங்கத்துக்கு ஓடினாள். வானொலிக்காரர் அமாரோ எழுந்து நின்றார்.

"அண்ணே, உபால்தோவைக் கூப்பிடுங்க."

"அவனையா? எலாடியோவுக்குத் தெரிஞ்சா உன்னை..."

"தெரியட்டும்ணே. தெரிஞ்சுக்க அவர் உயிரோட வரட்டும்."

ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவரவர் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னாள்: மேற்கு விளிம்பு, பவளப் பாறை, மணல்மேட்டிலிருந்து அறுபது மைல்.

"அடிப்பாவி, அங்கேயா?" என்றான் உபால்தோ. "நாலு வருஷமா அந்த இடத்தைத் தேடறேன்." உடனே குரல் மாறியது. "அழாத தங்கச்சி. போறேன். ஏழு மணி நேரமாகும்."

அந்த ஏழு மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை. சபேலா அவள் மடியில் தலை வைத்து ஜெபித்தாள். வானொலியின் ஒவ்வொரு கரகரப்புக்கும் இருவரும் காதைத் தீட்டினார்கள். அலைக்குப் பயந்து அவன் வேறெங்காவது நகர்ந்திருந்தால்? தன் சொல்லே அந்தக் கடைசிப் படகையும் திசை திருப்பியிருந்தால்? அப்பாவின் காலிப் பெட்டி கண்ணெதிரே வந்து நின்றது.

ஐந்தே முக்காலுக்கு உபால்தோ கத்தினான். "தெரியுது! கண்ணாடியெல்லாம் உடைஞ்சிருக்கு, எஞ்சின் அறையெல்லாம் தண்ணி. தலை எண்ணறேன்... எட்டு..."

சபேலா நிமிர்ந்தாள்.

"ஒம்பது! சமையல்காரன் பம்புகிட்ட படுத்திருக்கான்!"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அலறினார்கள்.

இழுத்து வந்த படகு சனிக்கிழமை கரை சேர்ந்தது. ஒப்தூலியா படகுத்துறைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். எலாடியோவே வீட்டுக்கு வந்தான். நெற்றியில் கட்டு, தாடியில் உப்பு.

"அந்த இடம் போச்சு, ஒப்தூலியா. திங்கக்கிழமை அங்க பதினோரு படகு போகுது."

அவள் இரண்டு கையாலும் அவன் மார்பில் குத்தினாள்; மறுபடியும் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. அவள் கை ஓயும்வரை அப்படியே நின்றான்.