மார்புச் சுமையும் இரண்டு டாக்குத்தர்களும்

இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு உரிய பாலை இப்போதே வேண்டாமென்று சொல்ல ஒரு தாய்க்கு உரிமை உண்டா? ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் உண்டு என்று தோன்றுகிறது. மத்தியானம் சமைத்து முடிப்பதற்குள் இல்லை என்று தோன்றுகிறது.

இந்த விஷயத்தைப் பெண்கள் எழுதுவதில்லை. எனக்கும் எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் கூச்சத்தினால் நான் முன்பு ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையின் பலனை என் மகள்தான் அனுபவித்தாள். ஆகையால் எழுதுகிறேன்.

எனக்குப் பதினான்கு வயதில் மார்பு வளரத் தொடங்கியது. மற்றப் பிள்ளைகளுக்கு நின்ற இடத்தில் எனக்கு நிற்கவில்லை. அப்போது உடுவிலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தேகாப்பியாச வகுப்பில் ஆசிரியை "நிமிர்ந்து நில்" என்பார். நான் குனிவேன். புத்தகங்களை எப்போதும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பேன். தையல் வகுப்பில் கற்றதைக் கொண்டு எனக்கென்று ஓர் உள்சட்டை தைத்தேன். சாதாரணத் துணி தாங்கவில்லை என்று பாய்மரத்துக் கித்தானில் பட்டி வைத்தேன். அந்தப் பட்டி அழுத்தி அழுத்தி இரண்டு தோளிலும் ஒரு விரலைக் கிடத்தக்கூடிய பள்ளம் விழுந்துவிட்டது. இன்றும் அந்தப் பள்ளம் இருக்கிறது.

கலியாணமாகி நீர்வேலியில் எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் இருக்கிறோம். அம்மாவும் எங்களுடன்தான். என் கணவர் வட்டுக்கோட்டையில் ஆசிரியர். திங்கட்கிழமை விடியச் சைக்கிளில் போய் வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார். முதற்பிள்ளை பிறந்தபின் சுமை இன்னும் கூடியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டுமென்று அம்மா பால்சுறாவும் முருங்கையிலையும் மாறிமாறிச் சமைத்தார். எனக்கு அவற்றைக் கண்டாலே பயமாக இருந்தது. இன்னும் பெருத்துவிடுமோ என்ற பயம்.

பங்குக் கிணற்றடியில் பெண்கள் பேசுவது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

"உவளுக்கென்ன குறை? ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் குடுத்தாலும் மிஞ்சும்."

"அப்ப என்னத்துக்கடி உவை பசுமாடு வாங்கினவை?"

"அது வாத்தியாரின்ரை தேத்தண்ணிக்கு."

சிரிப்பு அடங்கும்வரை நான் வாளியோடு வாழைகளுக்குள் நிற்பேன். உண்மையில் என் பால் என் ஒரு பிள்ளைக்கே மட்டுமட்டாகத்தான் இருந்தது. அதை அவர்களிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நாரி நோ, அந்த இடுப்பு வலி, எழுந்தாலும் இருந்தாலும் விடாது. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தால் கழுத்திலிருந்து கைவரை ஒரு கொதிப்பு இறங்கும். கடிதம் எழுதும்போது சின்னவிரல் விறைத்துப் போகும். பங்குனி, சித்திரை வெயிலில் மார்புக்குக் கீழே வியர்வை ஊறித் தோல் வெந்து புண்ணாகிவிடும். துவாயைக் கிழித்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பேன்.

கிணற்றடிப் பெண்களைப் போல நானும் இது பாலின் சுமை என்றே நம்பினேன். பால் வற்றினால் சுமை குறையும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் பால் மறக்கச் செய்வதற்கு மல்லிகைப் பூவை நெருக்கமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவார்கள். மகளுக்கு ஒன்பது மாதம் நடக்கும்போது நான் பூ வாங்கிவரச் சொன்னேன்.

"ஒன்பது மாசப் பிள்ளைக்கு ஆரடி பால் மறப்பிக்கிறது?" என்று அம்மா கேட்டார்.

"கடிக்கிறாள், அம்மா. புண்ணாய்ப் போச்சு."

அது பொய். மகள் ஒருநாளும் கடித்தவளல்ல. ஆனால் உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காம்பில் வேப்பெண்ணெய் பூசினேன். அவள் வாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க மாட்டேன். பத்து நாளில் பால் நின்றது. சுமை ஒரு விரலளவும் குறையவில்லை. எங்கள் பசு அப்போது கறவை வற்றியிருந்தது; பதிலுக்குக் கொடுத்த ஆட்டுப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் பிடித்தது. ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. பிறகு தேறிவிட்டாள். இப்போது இரண்டரை வயது. நித்திரை வரும் நேரத்தில் அவளுடைய கை இன்னும் என் சட்டைக்குள் தேடிக்கொண்டு வருகிறது.

அடுத்த சித்திரையில் மார்புக்குக் கீழே இருந்த புண் உள்ளே பழுத்துக் காய்ச்சல் வந்தது. மாட்டுவண்டியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயுள்ள டாக்குத்தர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நெடுங்காலம் இங்கே இருந்து எங்களைப் போலவே கதைப்பவர். கீறிச் சீழை எடுத்துக் கட்டிய பிறகு கட்டில் ஓரத்தில் இருந்து கேட்டார்.

"எவ்வளவு காலமாய் இந்தப் பாரம், மகள்?"

"பதினாலு வயசிலை இருந்து."

"ஒருத்தரிட்டையும் ஏன் காட்டேல்லை?"

"பாலின்ரை பாரமெண்டு நினைச்சன், அம்மா."

"பதினாலு வயசிலையுமோ பால்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் மல்லிகைப் பூ நினைவுக்கு வந்து அழுதேன். படித்தவள் என்று பெயர். அந்தச் சின்னக் கேள்வியை நானே என்னிடம் கேட்டிருக்கலாம்.

இது தசையும் கொழுப்பும், பால் மறந்தாலும் குறையாது என்று அவர் விளங்கப்படுத்தினார். மேலதிகமானதை வெட்டியெடுத்து, மிச்சத்தை மேலே தூக்கித் தைக்கும் ஓர் ஒப்பரேஷன் இருக்கிறதாம். அப்படியொன்று உண்டென்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"நீங்கள் செய்வியளோ?"

"நான் கட்டி வெட்டியிருக்கிறன். வயித்தைக் கீறிப் பிள்ளை எடுத்திருக்கிறன். இதை எங்கடை நாட்டிலை ரண்டு தரம் பக்கத்திலை நிண்டு பார்த்ததோடை சரி. நீர் கேட்டால் செய்வன். ஆனால் என்ரை கையுக்கு நீர்தான் முதல் ஆள்."

கொழும்பில் ஒரு சத்திரவைத்தியர் சீமையில் இதைப் பழகிவந்து செய்கிறார் என்று சொல்லி அவருக்கு ஒரு கடிதமும் தந்தார்.

வெள்ளிக்கிழமை கணவர் வந்ததும் வீட்டில் கதை தொடங்கியது. வெட்டுவதைப் பற்றி அம்மா அதிகம் மறுக்கவில்லை. நான் காய்ச்சலில் பிதற்றியதைக் கண்டவர் அவர். யார் வெட்டுவது என்பதில்தான் நின்றார்.

"வெட்டத்தான் வேணுமெண்டால் அந்த வெள்ளைக்கார அம்மா வெட்டட்டும். கொழும்பிலை ஒரு ஆம்பிளைக்கு முன்னாலை நெஞ்சைத் திறந்துகொண்டு கிடக்கிறதோ?"

"மாமி, அவர் டாக்குத்தர்."

"டாக்குத்தரெண்டால் ஆம்பிளை இல்லையோ, தம்பி?"

கணவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"நீங்கள் சொல்லுறபடி."

"நோ உமக்கு. நான் எப்பிடிச் சொல்லுறது?"

எனக்குக் கோபம் வந்தது. பள்ளிக்கூடம், கலியாணம், வீடு என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். நான் ஓம் என்றேன். இதை மட்டும் என் தலையில் போடுகிறாரே என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவர் செய்தது சரிதான். ஆனால் அன்றிரவு நான் அவருடன் கதைக்கவில்லை.

எதற்கும் கொழும்பு டாக்குத்தரை ஒருமுறை பார்ப்பதென்று முடிவாயிற்று. கேட்கவேண்டியதைக் கொப்பித் தாளில் மூன்று கேள்விகளாக எழுதினேன். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? புண் ஆற எவ்வளவு காலம் பிடிக்கும்? பிறகு பிள்ளை பிறந்தால் பால் கொடுக்க முடியுமா? மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு விடியற்காலைப் புகைவண்டிக் கோச்சியில் இருவரும் போனோம்.

டாக்குத்தர் எங்கள் பக்கத்து மனிதர்தான். வார்த்தையை அளந்து கதைப்பவர். ஒரு தாதி பக்கத்தில் நிற்க என்னைப் பரிசோதித்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து என் கணவரைப் பார்த்தே பேசினார், நான் அந்த அறையில் இல்லாதவள் போல. கணவர் தாளை விரித்து முதற் கேள்வியைப் படித்தார்.

"ஆறு பேருக்குச் செய்திருக்கிறன்" என்றார் டாக்குத்தர். "அஞ்சு பேர் சுகம். ஒராளுக்குப் புண் பழுத்து ரண்டு மாசம் கிடந்தா. ஆள் தப்பிவிட்டா."

கணவர் இரண்டாம் கேள்வியையும் படித்தார். பழுக்காவிட்டால் மூன்று கிழமை என்று மறுமொழி வந்தது. அதன்பின் அவர் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது. வகுப்பில் முப்பது பிள்ளைகளை அதட்டுகிறவருக்கு அந்த மூன்றாம் கேள்வியை இன்னொரு ஆணிடம் வாசிக்க முடியவில்லை.

நான் எழும்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பிறகொரு பிள்ளை பிறந்தால் பால் குடுக்கலாமோ, ஐயா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் டாக்குத்தர் என் முகத்தைப் பார்த்தார்.

"தெரியாது" என்றார். "நான் செய்த ஆக்களிலை ஒருத்தரும் பிறகு பிள்ளை பெறேல்லை. பால் வாற குழாயள் கொஞ்சம் வெட்டுப்படும். வராதெண்டு நினைச்சுக்கொண்டு வந்தால் பிறகு ஏமாற்றம் இராது."

ஒப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் படம் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார். என் உடம்பு கூசிப்போயிற்று. முகம் விழாது என்றார். அதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்குத்தரிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மா, நீங்கள் செய்தால் எனக்கு வெக்கம் இல்லை" என்றேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார்.

"வெக்கம் ஒரு நாள், மகள். தையல் சீவியகாலம். நானெண்டால் பழகின கையிட்டைத்தான் போவன்."

தன் கையில் இல்லாததை இல்லை என்று சொன்னவரின் சொல்லாகையால் அதை நம்பினேன். வீட்டுக்கு வந்து, கொழும்பு டாக்குத்தரிடம் போகிறேன் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். உரலடியில் நின்ற அம்மா உலக்கையைக் கீழே வைக்கவில்லை. மா இடித்து முடித்தபின், "நானும் வருவன். வாசலிலை எண்டாலும் நிப்பன்" என்றார். டாக்குத்தரைத் தேர்ந்ததில் எனக்கு இப்போது குழப்பம் இல்லை.

குழப்பம் காலத்தில்தான். வெக்கை தணிந்தபின் கார்த்திகையில் செய்யலாம் என்று டாக்குத்தர் எழுதியிருக்கிறார். போன வெள்ளிக்கிழமை கணவர் மெதுவாகச் சொன்னார், "ரண்டாவது பிள்ளையும் பிறந்து பால் மறந்தபிறகு செய்தால் என்ன?" அவர் வற்புறுத்தவில்லை. நியாயமான யோசனைதான். ஆனால் இன்னொரு பிள்ளைப்பேறென்றால் சுமை இன்னும் கூடும், புண் மறுபடி பழுத்தால் காய்ச்சல் போனமுறை போல இறங்கும் என்று சொல்லமுடியாது என்று மிஷன் டாக்குத்தர் எச்சரித்திருக்கிறார். எனக்கு ஏதும் நேர்ந்தால் இருக்கிற பிள்ளைக்குத் தாய் இல்லை. இப்போதே செய்தால் வரப்போகிற பிள்ளைக்குப் பால் இல்லாமல் போகலாம். ஒருமுறை என் சொந்தக் கணக்கை நம்பி ஒரு பிள்ளையின் பாலை நிறுத்தினவள் நான். என் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகையால் இதை வாசிக்கும் தாய்மாரைக் கேட்கிறேன். பிறந்த நாளிலிருந்தே தாய்ப்பால் இல்லாமல் ஒரு பிள்ளையை வளர்த்தெடுத்தவர்கள் உங்களில் இருந்தால், என்ன பால் கொடுத்தீர்கள், எப்படிக் கரைத்தீர்கள், பிள்ளை தேறியதா என்று இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். மார்பில் கத்தி பட்டபின் பால் கொடுத்தவர்கள் யாரேனும் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். என்னைப் போன்ற சுமையோடு இரண்டாம் பிள்ளையைப் பெற்றவர்கள், பொறுத்திருந்தது சரியா பிழையா என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பெயர் போடவேண்டாம், நானும் போடவில்லை. கார்த்திகை பிறப்பதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.