ஓரளவுக்கு ஆதாரம்

அக்குபங்க்சருக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று இனி யாராவது என்னிடம் கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். பொய்தான். தெரிந்ததைச் சொல்லப் போய்த்தான் இத்தனையும் வந்தது.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆதனக்கோட்டைப் பக்கம் தஞ்சாவூர் ரோட்டோரத்தில் முந்திரி வறுத்து விற்கிறாள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது முந்திரி வறுக்கிற அந்தத் தகரம்தான். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையில் ஒரு மாத்திரை, இராத்திரி ஒன்று என்று ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் முட்டிவலி வந்தது. கொட்டையைத் தட்டிப் பருப்பெடுக்க மணிக்கணக்கில் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அவள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் சொல்லிவிட்டார். முந்திரி வாங்க வந்த யாரோ அக்குபங்க்சர் ஊசி குத்திக்கொள்ளச் சொல்ல, அவள் என்னைக் கேட்டாள். புடவை எடுப்பதானாலும் சொந்தத்தில் யாருக்காவது பொண்ணு பார்ப்பதானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, மறைப்பானேன்.

இரண்டு நாள் செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். விஷயம் இதுதான். முட்டி, இடுப்பு, தலைவலி என்று நாள்பட்ட வலி உள்ளவர்களில், ஒன்றுமே செய்யாமல் இருப்பவர்களைவிட ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைகிறது. ஆனால் வேண்டுமென்றே தப்பான இடத்தில் குத்தினாலும், குத்துகிற மாதிரி பாவனை செய்தாலும் பலருக்கு ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைகிறது. ஊசியால் குறைந்தது எவ்வளவு, ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து நம்மைக் கவனித்ததால் குறைந்தது எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சர்க்கரை நோயை அது குணமாக்கும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

வகுப்பறையாக இருந்தால் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கியிருப்பேன். அக்கா தகரத்தின் முன்னால் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பஸ் வேறு வந்துவிட்டது. "ஓரளவுக்கு ஆதாரம் இருக்குக்கா, முட்டிக்குப் போட்டுப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அந்த 'ஓரளவுக்கு' அவள் காதில் விழவே இல்லை. முட்டியும் விழவில்லை. ஆதாரம் மட்டும் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் நானேதான் கூட்டிக்கொண்டு போனேன். புதுக்கோட்டையில் முறையாகப் படித்த ஒரு டாக்டரம்மா. ஒவ்வொரு ஊசியையும் எங்கள் கண்முன்னால் உறையிலிருந்து பிரித்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஆறு வாரத்தில் அக்கா என் தோளைப் பிடிக்காமல் பஸ் ஏறினாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குறைத்தது ஊசியா கவனிப்பா என்று ஆராய்ந்து அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

புதுக்கோட்டைக்குப் போய் வந்தால் அரை நாள் வியாபாரம் போகிறது என்று, நான் பரீட்சை, தாள் திருத்தல் என்று மூன்று நான்கு மாதம் அந்தப் பக்கம் போகாமல் கிடந்த சமயத்தில், அவள் கந்தர்வக்கோட்டையில் வேறொருவரிடம் மாறிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு போர்டிலும் அக்குபங்க்சர் என்றுதானே எழுதியிருக்கிறது. இவரை ஹீலர் என்கிறார்கள். ஊசியே கிடையாது. நாடி பார்த்து, விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுவார். இங்கிலீஷ் மருந்து உடம்பில் சேர்கிற விஷம், அதை விட்டால்தான் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று அவர் சொல்ல, பத்து வருட மாத்திரையை அக்கா ஒரே நாளில் நிறுத்திவிட்டாள்.

அவர்களிடம் ஒரு வார்த்தை இருக்கிறது. கழிவு. சளி பிடித்தால் கழிவு வெளியேறுகிறது. காய்ச்சல் வந்தாலும் அதுதான். அக்கா அடிக்கடி ஒன்றுக்குப் போனாள், கழிவு. தாகம் எடுத்தது, கழிவைக் கழுவ உடம்பு தண்ணீர் கேட்கிறது. இளைத்தாள், கெட்ட சதை கரைகிறது. சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது என்று உடம்பு தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது, அவ்வளவையும் அவர் நல்ல செய்தியாக மாற்றிக் கொடுத்திருக்கிறார். நன்றாக ஆனாலும் அவர் ஜெயித்தார், மோசமானாலும் அவரே ஜெயித்தார். எது நடந்தால் நான் சொன்னது தப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சோதனையை ஆரம்பிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறேன். வீட்டில் ஒருத்திக்கு நடத்தவில்லை.

பரீட்சை வேலை முடிந்து நான் போனபோது அக்கா வலது காலில் துணி சுற்றியிருந்தாள். வறுத்துக் கொட்டிய சூடான முந்திரி ஓட்டின் மேல் கால் வைத்திருக்கிறாள். அந்த ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். சர்க்கரையால் மரத்துப்போன காலில் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. மூன்று வாரமாயிற்றாம். துணியை அவிழ்த்தேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. வாடை அடித்தது.

மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். நிறுத்தி மூன்று மாதமாகிறது என்று சாவகாசமாகச் சொன்னாள். யார் நிறுத்தச் சொன்னது என்று நான் கத்தியதில் வாசலில் முந்திரி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏண்டி கத்துற? ஆதாரம் இருக்குன்னு நீதானே சொன்னே."

அவள் போனை வாங்கி ஹீலரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் கோபமே படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவங்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது, பயந்தால் கழிவு தேங்கிவிடுமுங்க என்று பொறுமையாக விளக்கினார். பாதியில் வைத்துவிட்டேன். அந்த ஆளை எந்தக் கேள்வி கேட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறார். ஆனால் அவரை மட்டும் திட்டிவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது நான் ஓடிக்கொண்டே சொன்ன அரை வாக்கியம்.

ஆஸ்பத்திரியில் சர்ஜன் இளைஞர், சிடுசிடுப்பானவர். மாத்திரையை யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "நானாத்தான் நிறுத்தினேன் சார்" என்றாள். படிச்சவங்க வீட்டிலயே இப்படியா என்று அவர் என் பக்கம் திரும்பி முனகினார். இரண்டு விரலையும் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதம் போகும் என்று சொல்லி, ஒப்புதல் தாளை வைத்துவிட்டுப் போனார்.

இந்தத் தடவை முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும், எடுத்த பிறகும் புண் ஆறாமல் மேலே ஏற வாய்ப்பு உண்டு, வேறொரு டாக்டரையும் கேட்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். எடுக்கலாங்கிறியா, வேணாங்கிறியா?"

"நீ டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுக்கா."

"அவர என்ன கேக்குறது? நீ சொல்லு."

எடுத்துவிடலாம் என்றேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.