இடது கண்ணில் ஒரு புள்ளி

நான் ஓவியர்தான். ஆனால் நான் வரைந்ததை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு என் மானம் போயிற்று. விபத்திலோ நோயிலோ கண் போனவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து வண்ணம் தீட்டுகிறேன். "இந்தக் கண்ணு மட்டும் ரொம்ப அழகா இருக்கே" என்று ஒருவர் சொன்னால் போதும், அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு செய்து கொடுப்பேன்.

எப்படிச் செய்கிறாய் என்று கேட்பார்கள். ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்து, நல்ல கண்ணைப் பார்த்து மற்றதை வரைய வேண்டும். வெள்ளையை வெள்ளையாக விடக் கூடாது. கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் அழுக்கு. நரம்புக்குச் சிவப்பு நூலைப் பிரித்து ஒட்டுவேன். மேலே பளபளவென்று ஒரு பூச்சு. கேட்கிறவர்கள் 'கற்பனை' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். அது என் வேலைக்கு ஆகாது.

தச்சு வேலை செய்யும் என் அண்ணனுக்கு ஆணி தெறித்து இடது கண் போனது. புண் ஆறியதும் என்னிடம் வந்தான்.

"உங்க அண்ணி என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறா. பேச்செல்லாம் சட்டைப் பட்டன்கிட்டதான்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

கைவரிசை முழுவதையும் காட்டினேன். இரண்டு கண்ணும் அச்சு அசல் ஒன்று. அண்ணி பார்த்தார், "நல்லாருக்கு" என்றார், பட்டனுக்கே திரும்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன குறை அண்ணி?"

"குறையில்லம்மா. ரெண்டும் வலது கண்ணா இருக்கு."

"அப்போ இடது எப்படி இருந்துச்சு?"

"கருவிழியில கீழ, மூக்குப் பக்கமா ஒரு மஞ்சப் புள்ளி. எள்ளுல பாதி இருக்கும். திட்டும்போது அது கண்ணுல பட்டா, அப்புறம் திட்டவே வராது."

அவனோடு முட்டி மோதி வளர்ந்தவள் நான். பிழைப்பே கண்களைப் பார்ப்பதுதான். அந்தப் புள்ளியை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது.

பூச்சைச் சுரண்டி, புள்ளி வைத்து, மறுபடி பூசி மெருகேற்றினேன். அண்ணன் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நானும் கூடவே போனேன்.

"சாப்பிட வரேன்னு சொல்லிட்டு இப்பதான் வழி தெரிஞ்சுதா? ஆக்கி வச்சவ என்ன..." அண்ணி பட்டனில் ஆரம்பித்தார். பார்வை மெல்ல மேலே ஏறியது. இடது கண்ணில் நின்றது.

மீதித் திட்டுக்காக அண்ணன் ஆசையாக நின்றுகொண்டிருந்தான். அது வரவில்லை.