சுகுமாரனின் கால் நடிக்கவில்லை

ரப்பர் தோட்டத்தில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. சுகுமாரனுக்கு மட்டும் யாராலும் வைக்க முடியவில்லை. அவர் நாளுக்கொரு ஆளாக நடந்து காட்டினார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தால் கணக்கெழுதும் கிராணியார். ஒரு கையை முதுகில் கட்டிக் கண்ணாலேயே பால்மரங்களை எண்ணினால் ஆட்களை மேய்க்கும் மண்டோர் அப்பாவு. தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, சனமெல்லாம் ஈப்போவுக்கு வெளியே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. பகலில் தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை. சாயங்காலம் லியாகத் அலியின் சாப்பாட்டுக்கடையில் இலவச நாடகம்.

அதனால்தான் அறுபத்தோரு வயதில் கால்கள் தரையோடு ஒட்ட ஆரம்பித்தபோது ஒருவரும் நம்பவில்லை.

கடை வாசலில் காலை அகட்டி நின்று, குட்டிக் குட்டி எட்டாக இழுத்து வருவார்.

"யாருண்ணே இன்னிக்கு? கிராணியாரா?"

"கால் வரலடா."

அதற்கும் சிரித்தார்கள். அழுதாலும் சிரிப்பு வரவழைக்கிற முகம் அவருக்கு. மனைவி புஷ்பலதாகூட, "வாசப்படில நின்னு என்ன சேட்டை? சோறு ஆறுது, வாங்க" என்பாள்.

ஒரு கிளினிக்கில் பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் விழுங்கினார். கால் துளியும் மதிக்கவில்லை. மாத்திரைக்கே மசியாத கால் என்றால் அது நடிப்புத்தான் என்று தாமானே தீர்ப்பு எழுதிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, தே தாரிக்கும் கையுமாக மேசைக்குத் திரும்பும்போது கால் நின்றுவிட்டது; உடம்பு நிற்கவில்லை. குப்புற விழுந்தார். கடையே கைதட்டியது.

கூட வந்திருந்த புஷ்பலதா தட்டவில்லை. தரையில் ஓடிய டீயைப் பார்த்தாள். முப்பத்தாறு வருசக் குடித்தனத்தில் இந்த மனுசன் அரைக் கிளாஸ் டீயைக்கூட வீணாக்கியதில்லை.

"பாய், காடிய எடுங்க. ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சாந்தினி அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் ஒருவர் பார்த்ததில் சுகுமாரனுக்குக் கூச்சமாகிவிட்டது. டாக்டர் அவருடைய மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார்.

"கையில நடுக்கம் இல்ல. நடக்கும்போது கை நல்லா வீசுது. முகமும் சும்மா இருக்கல. கோளாறு எல்லாம் இடுப்புக்குக் கீழதான். எப்படி வந்திச்சும்மா? கொஞ்சம் கொஞ்சமாவா, திடீர்னா?"

புஷ்பலதாவுக்குத் தேதி தெரியாது. ஆட்கள்தான் தெரியும்.

"பங்குனி உத்திரம் வரைக்கும் நல்லா நடந்தாரு டாக்டர். மறுநா காலைல கிராணியார் மாதிரி. மாசக்கணக்கா அதே கிராணியார்தான். ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழம, திடீர்னு பக்கத்து வீட்டு வீரம்மாக்கா மாதிரி. அவங்களுக்கு மூட்டுவலி. தீவாளி முடிஞ்சு பார்த்தா, யாருன்னே தெரியல. நாங்க யாரோ புது ஆளுன்னு நெனச்சு..."



டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரஷர் மாத்திர ஒழுங்கா சாப்பிடுறீங்களா அங்கிள்?"

"நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்திட்டேன்லா."

ஸ்கேன் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

"மூளைக்குள்ள சின்ன ரத்தக்குழாய்ங்க அங்கங்க அடைச்சிருக்கு. அடைக்க அடைக்க நடை படிப்படியா எறங்கியிருக்கு. பார்க்க பார்க்கின்சன் மாதிரியே இருக்கும், ஆனா காரணம் வேற. அந்த மாத்திரைக்கு இது அவ்வளவா கேக்காது. போனது முழுசா திரும்பும்னு சொல்ல மாட்டேன். பிரஷரையும் ரத்தத்துல இனிப்பையும் கட்டுல வெச்சா, இன்னும் எறங்காம பார்த்துக்கலாம். நடக்கப் பயிற்சி குடுப்பாங்க, விடாம போங்க."

"அப்போ நான் நடிக்கலதானே டாக்டர்?"

"இல்ல அங்கிள். நெசம்."

பரீட்சையில் பாஸானவர்போல மனைவி பக்கம் திரும்பினார். புஷ்பலதா அவருடைய சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

சேதி அவருக்கு முன்னாலேயே தாமானுக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் நான்கு கால் ஊன்றுகோலும் புஷ்பலதாவுமாகக் கடைக்கு வந்தபோது ஒருத்தரும் "யாருண்ணே இன்னிக்கு?" என்று கேட்கவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டார்கள். சீனி போடாத டீ வந்தது. எழவு வீடு தோற்றது.

சுகுமாரனால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே கழுத்தைச் சாய்த்து, லியாகத் அலி சமையல்கட்டைப் பார்த்துக் கத்துவதுபோல ஒரு கத்துக் கத்தினார். அச்சு அசல். எல்லாரும் டீயைக் கலக்கினார்கள்.

"ஒடம்பு முடியாத நேரத்துல எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றார் லியாகத் அலி.

"சீக்கு தலைல பாய், தொல்ல கால்ல. நடுவுல உள்ளது பூரா நான்தான். சிரிங்கலா!"

லியாகத் அலி சுற்றிலும் பார்த்தார். "நான் அப்படியா கத்துறேன்?"

"அத விட மோசம்" என்றாள் புஷ்பலதா.