காண்டே ஊற்றிய வெந்நீர்

காண்டே எங்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவனுடைய முன்பல்லை உடைத்தாள். மனைவியைப் பார்க்க வந்தவன் அவன். கையில் ஒரு ஃபிளாஸ்க். காண்டே வாசலிலேயே மறித்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். கம்பங்கூழில் கன்வா கரைத்த வாடை. கன்வா என்றால் ஏரிக்கரையில் வெட்டியெடுக்கிற உப்புக்கட்டி. எங்கள் கானோ நகரத்தில் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் அதைப் போட்டுத்தான் கூழ் காய்ச்சுவார்கள், பால் நன்றாக ஊறுமாம். இதயம் தளர்ந்து படுத்திருப்பவளுக்கு அது விஷம். காண்டே அந்தக் கூழை அவன் கால்மேலேயே ஊற்றினாள். அவன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் காலி ஃபிளாஸ்க்கால் அவன் வாயில் ஒன்று போட்டாள்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிடச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஒளிக்க என்ன இருக்கிறது, எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. வார்டில் சிஸ்டர் நான், அதட்ட வேண்டியவள் நான், இவள் யார்? டாக்டர் பிந்தா மட்டும் அசையவில்லை. "பல்லு போனா போகட்டும். அந்தக் கூழ் உள்ள போயிருந்தா உயிரு போயிருக்கும். காண்டே இருக்கட்டும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் சில பெண்களுக்கு இதயம் தொய்ந்துபோகிறது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் விடிய வேண்டும். எங்கள் பக்கம் இந்த நோய் கொள்ளை. ஏன் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. டாக்டர் பிந்தா பத்து வருஷமாக அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு தாய்க்கும் ஒரு எண் கொடுத்து, பதிவில் ஏற்றி, ஒரு வருஷம் பின்னாலேயே போய், யார் பிழைத்தாள், யார் செத்தாள் என்று எழுதுகிற ஆராய்ச்சி. டாக்டர் எழுதுவார், நான் எழுதுவேன். சந்து சந்தாக அலைந்து அந்தப் பெண்களைத் தேடிப் பிடிப்பது காண்டேயின் வேலை.

அதற்கு முன்பு அவள் குளிப்பாட்டுகிறவள். எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கிற பேட்டையில் அவள் கை படாத தாய் குறைவு. குளியல் என்றதும் சொம்பில் மொண்டு ஊற்றுவது என்று நினைத்துவிட வேண்டாம். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். வேப்பங்கொத்தை அதில் முக்கியெடுத்து முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் விளாசுவார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நாற்பது நாள். குளிர் உடம்பில் நுழைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். கத்துகிற தாயை ரெண்டு பேர் அமுக்கிப் பிடிப்பார்கள். காண்டேக்குப் பிடிக்க ஆள் வேண்டாம், ஒரு கையாலேயே அமுக்கிவிடுவாள் என்று பேட்டையில் பெருமையாகச் சொல்வார்கள். அவளுடைய ஒரே மகள் லாமி இதே நோயில் எங்கள் வார்டில் செத்துப்போனாள். அதன் பிறகு காண்டே அண்டாவைத் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து வந்து வேலை கேட்டாள்.

அசாபே வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து, ஹர்மட்டான் காற்று புழுதியை வாரி இறைக்கிற மாதம். பத்தொன்பது வயது, இரட்டைப் பெண் குழந்தைகள். பெற்ற இரண்டாம் நாளே எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மிஷின் வைத்துப் பார்த்தோம். அறுபது இருக்க வேண்டிய இதயத்தின் பலம் இருபதுகூட இல்லை. நீர் இறக்கும் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, நாலாம் நாள்தான் அவளால் தலையணையில் சாய முடிந்தது. கால் வீக்கம் வடிந்தது. குழந்தைகளைக் கேட்டாள்.

காண்டே அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. அதட்டலும் உருட்டலுமாகத் திரிகிறவள் அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டாள்.

"அம்மா, வீட்டுக்கு அனுப்பிட்டா அத்தை குளிப்பாட்டுவாங்க" என்றாள் அசாபே. "எனக்கு பயமா இருக்கு."

"ஒரு சொட்டு வெந்நீர் உன்மேல படாது. நான் இருக்கேன்ல" என்றாள் காண்டே.

சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சொல்ல எங்கள் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

ஆறாம் நாள் காண்டே வேறொரு வீட்டுக்குப் போயிருந்தாள். அசாபேயின் மாமியார் டெலு நாலு பெண்களோடு வந்தாள். மறுநாள் பெயர் வைக்கிற நாள், ஆடு வாங்கியாயிற்று, தாய் இல்லாமல் எப்படி என்றாள். புருஷன் சகீர், தன் பொறுப்பில் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டான். டாக்டர் வாதாடினார், நான் கத்தினேன். டெலு அசாபேயின் பாதத்தை அமுக்கிக் காட்டினாள். இன்னும் லேசாகப் பள்ளம் விழுந்தது.

"இது குளிர் ஏறின வீக்கம். ஆறு நாளா ஒழுங்கா குளிக்கல. நீங்க ஊசி போட்டுப் போட்டு இன்னும் கெடுக்கிறீங்க" என்றாள்.

இங்கேதான் எங்கள் ஜனம் விழுகிற குழி. வீக்கம் இதயம் தோற்பதன் அடையாளம். இவர்கள் அதைக் குளிரின் அடையாளம் என்று படிப்பார்கள். வீங்க வீங்கத் தண்ணீரை இன்னும் கொதிக்கவைப்பார்கள். அசாபே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காண்டே திரும்பி வந்து காலிக் கட்டிலைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். "நீ எதுக்கு இருக்க இங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு உறுத்துகிறது.

சகீர் கொடுத்திருந்த முகவரி பொய். பாதிப் பேர் அப்படித்தான் கொடுப்பார்கள். ஒன்றரை நாள் அலைந்தும் வீடு கிடைக்கவில்லை. பிறகு காண்டே தன் பழைய தொழில்புத்தியைப் பிடித்துக்கொண்டாள். வேப்பங்கொத்து விற்கிறவர்களிடம் போய், நேற்றும் இன்றும் கட்டுக்கட்டாக யார் வாங்கியது என்று விசாரித்தாள். எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு நானும் அவளும் ஒரு மூணு சக்கர வண்டியில் அந்த வாசலில் இறங்கினோம். உள்ளேயிருந்து விளாசுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

முற்றத்தில் அண்டா கொதித்தது. அசாபே ஒரு கல்மேல் குந்தியிருந்தாள். உடம்பில் துணியில்லை. முதுகுத் தோல் சிவந்து, இரண்டு இடத்தில் உரிந்து தொங்கியது. கூலிக்கு வந்த குளிப்பாட்டுகிறவள் கொத்தை ஓங்கி அடிக்க, ஒரு பெண் அசாபேயின் தலையை அமுக்கியிருந்தாள். அசாபே கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. அவள் நெஞ்சுக்குள் கொழகொழவென்று தண்ணீர் புரள்வது எனக்கு வாசலிலிருந்தே கேட்டது.

காண்டே போன வேகத்தில் குளிப்பாட்டுகிறவளின் கையிலிருந்து கொத்தைப் பிடுங்கி அவள் முகத்திலேயே விளாசினாள். தலையை அமுக்கியவளை மயிரைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். டெலு குறுக்கே வந்து நின்றாள்.

"யாருன்னு பாத்தேன், காண்டேயா? நீதானடி எனக்கு ஊத்தின. சகீர் பொறந்தப்ப நாப்பது நாளும் நீதான். கத்தக் கத்த அடிச்ச. நான் செத்தா போயிட்டேன்?"

"உன் இதயம் நல்லா இருந்துச்சு. இவளுக்கு இல்ல."

"உள்ள பூந்து பாத்தியாக்கும்?"

"பாத்தோம்டி. மிஷின் வச்சுப் பாத்தோம். தள்ளு."

"ஆஸ்பத்திரி சம்பளம் வாங்கினதும் ஆஸ்பத்திரி புத்தி வந்துருச்சு. அன்னைக்கு என்கிட்ட கூலி வாங்கினப்ப எங்க போச்சு இந்தப் புத்தி?"

காண்டே அவளைத் தோளால் இடித்துத் தள்ளினாள். அதற்குள் சகீர் உலக்கையோடு உள்ளே வந்துவிட்டான். அவன் அடித்தது அவள் தோளில். எலும்பு முறிந்த சத்தம் காய்ந்த விறகு ஒடிந்த சத்தம்தான். அவள் விழவில்லை. திரும்பி அவனைப் பார்க்கவும் இல்லை. நேரே அண்டாவிடம் போய், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, முறிந்த தோளோடு அதை அசாபேக்கு எதிர்ப்பக்கமாகக் கவிழ்த்தாள். கொதிநீர் அவள் முழங்கை வரைக்கும், பாதத்தின் மேலும் பாய்ந்தது. பெண்கள் அலறிக்கொண்டு திண்டின்மேல் ஏறினார்கள். இனி ஊற்ற ஒரு சொட்டும் கிடையாது.

அசாபே முன்னால் சரிந்தாள். வாயில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. சகீர் உலக்கையைப் பிடித்தபடி மரமாக நின்றான். நான் அவனை அறைந்தேன். என் உத்தியோகத்தில் நான் ஒருவனை அடித்தது அந்த ஒரு தடவைதான், அதற்காக இன்றுவரை வருத்தமில்லை. "தூக்குடா அவள" என்றேன். தூக்கினான்.

வண்டியில் அவளைப் படுக்கவைக்க முடியாது, படுத்தால் மூழ்கிவிடுவாள். காண்டே வெந்த கையால் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். காண்டேயின் தோல் அசாபேமேல் போர்த்தியிருந்த துணியில் ஒட்டி ஒட்டி வந்தது.

"படாதுன்னு சொன்னீங்களே" என்றாள் அசாபே. குழாயடியில் சண்டை போடுகிற குரல் இல்லை, குழந்தை கேட்கிற குரல். காண்டே அவளை இன்னும் நிமிர்த்திப் பிடித்தாள்.

வார்டில் ஊசி, ஆக்சிஜன், தொண்டையில் குழாய். பத்தரை மணிக்கு இதயம் நின்றது. நான் நெஞ்சை அமுக்கினேன். மூன்றாவது அமுக்கில் விலா முறிந்தது, நிறுத்தவில்லை. உள்ளங்கைக்குக் கீழே வெந்த தோல் வழுக்கியது. நான் அமுக்கி, டாக்டர் அமுக்கி, மறுபடி நான் அமுக்கி, முக்கால் மணி நேரம். ஒருமுறை திரும்பி வந்தது, ரெண்டு நிமிஷம். பிறகு வரவில்லை.

எழுதுகிற வேலை என்னுடையது. செத்தாலும் பிழைத்தாலும் படிவம் நிரப்ப வேண்டும். பிற்பகலில் டெலு வராந்தாவில் இரண்டு குழந்தைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எண் நானூற்றுப் பன்னிரண்டு. கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். வெந்நீர்க் குளியல் எத்தனை? கன்வாக் கூழ் எவ்வளவு?

"வெதுவெதுன்னு ரெண்டு சொம்பு" என்றாள் டெலு. "கன்வாவா? எங்க வீட்ல அது கெடையாதே."

எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். போலீஸ் வரும், பழி வரும் என்ற பயம். ஆனால் இவள் என் கண்ணால் பார்த்ததை என் முகத்துக்கு நேரே இல்லையென்றாள். எனக்குப் பேனாவை அவள் கண்ணில் குத்த வேண்டும் என்று வந்தது.

காண்டே கையெல்லாம் கட்டோடு வந்து நின்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், தடுக்கிற உத்தேசமும் எனக்கில்லை. அவள் டெலுவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"டெலு. உண்மையச் சொல்லு."

"சொன்னா, அவ எந்திரிச்சு வருவாளா?"

"வரமாட்டா."

டெலு ஒரு குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். பிறகு என்னைக் கேட்டாள். "நான்தான் கொன்னேனா, சிஸ்டர்?"

"தெரியல" என்றேன். அது பொய்யில்லை. "இதயம் முன்னாடியே போயிருந்துச்சு. வெந்நீரும் உப்பும் அதத் தள்ளிவிட்டுருக்கும். நோய் எங்கிருந்து ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் கேக்கிறோம்."

"நாலு தடவ" என்றாள் டெலு. "கொதிக்கக் கொதிக்க. நாலாவதுக்குத்தான் நீங்க வந்தீங்க. கூழு ஆறு கிண்ணம். வேணாம்னு தலையாட்டினா. நான் தாடையப் பிடிச்சுத் தெறந்து ஊட்டினேன்."

எழுதினேன். நாலு. ஆறு. பத்து வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய இப்படிப்பட்ட எண்கள் ரொம்பக் குறைவு.

"இப்ப பதினொண்ணாம் நம்பர் எடு" என்றாள் காண்டே.

எனக்குப் புரியவில்லை. அலமாரியைத் திறந்து முதல் கோப்பை எடுத்துவந்தேன். எண் பதினொன்று, லாமி, வயது இருபத்தொன்று. என் கையெழுத்துதான். குளியல் என்ற கட்டத்தில் சைபர் போட்டிருந்தேன். தகவல் சொன்னவர், தாய்.

"முப்பத்தோரு நாள்" என்றாள் காண்டே. "காலையும் சாயங்காலமும். என் கையால. கால் வீங்கினதும் குளிர்னு நெனச்சு, தண்ணிய இன்னும் சூடாக்கினேன். கத்தினா. ஒரு கையால அமுக்கிட்டேன். நீ வந்து கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்."

தப்பை அழிக்கக் கூடாது என்பது ஆராய்ச்சியில் விதி. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கோடு போட்டேன். பக்கத்தில் அறுபத்திரண்டு என்று எழுதினேன். டெலு ஒரு குழந்தையைத் தூக்கிக் காண்டேயின் மடியில் வைத்தாள், கட்டுப்போட்ட கைகளுக்கு நடுவில்.

கோப்பை மூடப் போனேன்.

"மூடாத சிஸ்டர்" என்றாள் காண்டே. "ஒண்ணாம் நம்பர்லேர்ந்து பேரு படி. அதுல எங்க பேட்டப் பொண்ணுங்க மூணு பேரு இருப்பாங்க. அவங்களுக்கும் சைபர்தான் போட்டிருப்ப. அவங்களுக்கும் நான்தான் ஊத்தினேன்."