ஆசைக் கழிவு

தண்ணீர் இரண்டாவது படியைத் தொட்டதும் அவள் தையல்காரியின் மிஷினைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். துணிக்கட்டுகளை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினாள். வெட்டிவைத்த சட்டைக்கை ஒன்று மட்டும் நழுவி, மிதந்து, யாருக்கோ விடைகொடுப்பதுபோல் வாசலைத் தாண்டிப் போனது. அடுத்தது மருந்துக்கடை. அங்கே கீழ்த்தட்டுகள் ஏற்கெனவே நனைந்துவிட்டன. அட்டைப்பெட்டிகளில் எழுத்து கரைந்து, எந்த மாத்திரை எந்த நோய்க்கு என்று யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

"அக்கா, ஜன்னலைச் சாத்தட்டுமா? வெயில் உங்க மேலதான் அடிக்குது" என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

அவள் நிமிர்ந்தாள். திட்ட மதிப்பீட்டு ஆபீசின் மூன்றாம் மாடி காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீர் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

அரசாங்கத்துக்கு ஆசைகள் நிறைய, பை ஒன்றுதான். பாலம் கேட்பவர்கள், ஆஸ்பத்திரி கேட்பவர்கள், சாலை கேட்பவர்கள் எல்லோருடைய கோப்பும் இந்த மாடிக்கு வரும். திட்டத்தால் வரும் நன்மையைக் காசாக்கி, அதைச் செலவால் வகுத்து, ஒன்றுக்கு மேல் வந்தால் பட்டியலில் சேர்ப்பார்கள். கீழே வந்தால் கோப்பு கட்டுக்குள் போய்விடும். நன்மை எவ்வளவு என்று தெரிய இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்று, திட்டத்தைச் செய்தால் ஊர் எப்படி இருக்கும். இன்னொன்று, சும்மா இருந்தால் எப்படி இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நன்மை.

முதல் பத்தியை எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அதில் விளக்குகள் எரியும், பஸ்கள் நேரத்துக்கு வரும். இரண்டாவதை யாரும் சீந்துவதில்லை. அது வருடக்கணக்காக அவள் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தது. அதனால் ஆபீசில் அவளுக்குச் சும்மாக்கா என்று பெயர். அவளுக்கு அதில் வருத்தமில்லை. சும்மா இருக்கிற ஊருக்குள் போய்த் திரிவது அவளுக்குப் பிடித்திருந்தது. பாலம் கட்டாத ஆற்றங்கரையில் புல் எவ்வளவு உயரம் வளரும், விரிவாக்காத ஆஸ்பத்திரியின் நடைபாதையில் எத்தனை பாய் விரிந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நடப்பாள். சாப்பாட்டு மணி அடித்தால்தான் திரும்பி வருவாள்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸைத் தவறவிட்டால், அந்தப் பஸ்ஸில் ஏறிப்போன இன்னொரு தன்னை ஒவ்வொரு நிறுத்தமாகத் தொடர்ந்துகொண்டிருப்பாள். பொருளாதாரம் படித்தபோது இந்தக் கெட்ட பழக்கத்துக்குச் சம்பளம் தரும் இடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. ஒருமுறை கல்யாணப் பேச்சு முற்றிக் கைகூடும் நிலைக்கு வந்தது. மனிதர் நல்லவர். அவர் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் மோசமாக இல்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டாள். தங்கை இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது மேஜையில் இருந்தது பள்ளத்தெருப் பக்கத்துக் கோப்பு. நகரத்து மழையெல்லாம் வழிந்து அங்கேதான் சேரும். பழைய பம்ப் ஒன்று அதை இழுத்து ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தது. அதன் உதிரிபாகங்களைச் செய்வதை எல்லா இடத்திலும் நிறுத்தியாயிற்று. புது பம்ப் ஹவுஸ் வேண்டும் என்று கேட்டு எழுதியவர் தண்ணீர் இலாகாவின் பம்ப் இன்ஜினியர்.

அவர் அதிகம் பேசமாட்டார். அளவுகளைத் தன் உடம்பிலேயே சொல்வார். "இந்த வருஷம் முழங்கால். பம்ப் நின்னுச்சுன்னா இடுப்பு" என்று சுவரருகே நின்று கையை வைத்துக் காட்டுவார். அவள் அந்த இடுப்பளவை மிஷின்களாகவும் மெத்தைகளாகவும் பள்ளிக்கூடம் மூடிய நாட்களாகவும் மாற்றி எழுதிக்கொள்வாள். இரண்டு மழைக்காலமாக இருவரும் அந்தத் தெருக்களில் சேர்ந்து நடந்தார்கள். ஒரு குடைதான் இருந்தது. அதை அவர் எப்போதும் அவள் குறிப்புகள்மேல் பிடிப்பார், இருவரும் நனைவார்கள்.

போன வாரம் மாடிப்படியில் எதிரே வந்த இன்ஜினியர், இந்தத் திட்டம் பட்டியலில் வராவிட்டால் இங்குள்ள பம்ப் பிரிவை மூடிவிடுவார்கள் என்றார். அவரை வடக்கே ஏதோ அணைக்கு அனுப்புவார்கள். ரயிலில் போக இரண்டு நாள் ஆகுமாம். தகவல் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து பத்தி அவள் கைக்கு அடங்கவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் முன்னைவிட உயரமாக வந்தது. தையல்காரியின் பின்கட்டில் அதற்குமுன் பார்த்திராத ஒரு தொட்டில் மிதந்தது. இது நிஜமாகவே வரப்போகிற தண்ணீரா, தான் வரவழைக்கிற தண்ணீரா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

தங்கையிடம் சொன்னாள். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் இருந்தாள். வாய் திறந்து கிடக்கும் மனிதர்களைப் பார்த்துப் பழகியவள், சுற்றி வளைக்கமாட்டாள்.

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவர்கிட்ட சொல்லவேண்டியதைப் போய் கோப்புல எழுதிட்டு இருக்கே."

"அதான் பயமா இருக்குடி. நான் எழுதினது சரியா இருந்தாகூட எனக்குத் தெரியாது."

"அப்போ கொஞ்சம் குறைச்சுப் போடு. உப்பு கரிச்சா தண்ணி ஊத்துறதில்லையா?"

தங்கை விளையாட்டாகத்தான் சொன்னாள். அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆபீசிலேயே அப்படி ஒரு வழக்கம் இருந்தது. திட்டம் கேட்கிறவர்கள் நன்மையை எப்போதும் ஊதித்தான் சொல்வார்கள் என்பதால், கடைசியில் இயக்குநர் எல்லாக் கோப்பிலும் ஒரு பங்கை வெட்டுவார். விதிப்புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர். மாடியில் எல்லோருக்கும் அது ஆசைக் கழிவு; இயக்குநருக்குக் கத்திரி என்று பெயர். ஆனால் கத்திரி வெட்டுவது இன்ஜினியர்களின் ஆசையை. மதிப்பீடு செய்கிறவளின் ஆசையை யார் வெட்டுவது? அவளே வெட்டினாள். தொட்டிலை எடுத்தாள். மருந்துக்கடையைக் காயவைத்தாள். இடுப்பளவைத் தொடையளவாக்கினாள். அப்படியும் கணக்கு ஒன்றுக்கு மேலேயே நின்றது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை கூட்டம். நீள மேஜையின் தலைப்பக்கத்தில் இயக்குநர், வலப்பக்கம் நிதி இலாகாவிலிருந்து வந்திருந்த ஒல்லியான மனிதர், எதிரே பம்ப் இன்ஜினியர். கோப்புகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டுக்கொண்டே வந்தன. பள்ளத்தெருக் கோப்பிலும் இயக்குநர் வழக்கமான பங்கை வெட்டினார். ஒன்றுக்குக் கீழே போய்விட்டது.

"மூச்சு நின்னுடுச்சு" என்றார் நிதி இலாகாக்காரர். கோப்பைத் தள்ளுபடியானவற்றின் கட்டின்மேல் வைத்தார்.

அவளுக்கு அறைக்குள் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. நாற்காலிக்கால்களைச் சுற்றிச் சத்தமில்லாமல் வந்தது. இன்ஜினியரின் செருப்பு நனைந்தது; அவர் அதைக் கவனிக்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பள்ளத்தெரு ஆட்கள் என்ன பாவம் செய்தார்கள், ஒரே ஊருக்கு இரண்டு கத்திரியா என்று நினைத்தாள். ஆனால் வாயைத் திறந்தால் முதல் கத்திரி எதற்கென்று சொல்லவேண்டிவரும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"ஐயா, அந்தப் பத்தியில நான் ஏற்கெனவே கழிச்சுட்டேன்."

"எதைம்மா?"

"ஆசையை."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். யாருடைய ஆசை என்று கேட்டார்.

"என்னோடது. இந்தத் திட்டம் நடக்கணும்னு எனக்கு இருந்துச்சு. கை தாராளமா போயிருக்கும்னு தோணுச்சு. அதனால குறைச்சேன். இப்போ நீங்களும் குறைச்சா ரெண்டு தடவை ஆயிடும்."

நிதி இலாகாக்காரருக்கு இது வேறு விஷயமாகப் பட்டது. பள்ளத்தெருவில் அவளுக்கு வீடு, மனை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றாள். சொந்தக்காரர்கள்? அதுவும் இல்லை.

"அப்புறம் என்னம்மா ஆசை?"

"பம்ப் ஹவுஸ் வரலேன்னா இவரை வடக்கே அனுப்பிடுவாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, மழைமானியின் அளவைப் படிப்பதுபோல.

பேனா மூடி கீழே விழுந்து மேஜைக்கடியில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்த இன்ஜினியர் தேவைக்கு அதிகமாகவே அங்கே இருந்தார். கூட்டக் குறிப்பெடுக்க வந்திருந்த பக்கத்து மேஜைக்காரி இருமினாள். இயக்குநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இதற்கு விதி எழுதவேண்டியிருக்கும் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றார். பிறகு சொன்னார்: அவள் குறிப்புகளை வைத்து அந்தப் பத்தியை வேறு ஒருவர் புதிதாக எழுதட்டும். ஆசையே இல்லாத ஆள் யார் என்று சுற்றிலும் பார்த்தார். பார்வை நிதி இலாகாக்காரர்மேல் நின்றது. அவர் ஆட்சேபிக்கவில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிதி இலாகாக்காரர் காலையில் நேராகப் பள்ளத்தெருவுக்குப் போய்விட்டு, மடித்த கால்சட்டையோடு ஆபீசுக்கு வந்தார். மத்தியானத்துக்குள் பத்தியை எழுதிக் கொடுத்தார். அவருடைய தண்ணீர் அவள் குறைத்ததைவிட அதிகமாகவும் முதலில் எழுதியதைவிடக் குறைவாகவும் இருந்தது. இயக்குநர் ஒருமுறை வெட்டினார். ஒன்றுக்குச் சற்று மேலே வந்தது. பம்ப் ஹவுஸைப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தார்கள். சம்பந்தப்பட்டவர் என்பதால் அவளைத் தண்ணீர்க் கோப்புகளிலிருந்து விலக்கிப் பஸ் நிலையங்களுக்கு மாற்றி உத்தரவு வந்தது. நான்கு மணிக்குப் பழைய கோப்புகளை இரண்டாம் மாடிப் பதிவறையில் ஒப்படைக்க எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் ஏறிவந்த இன்ஜினியர் பாதிக் கட்டை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை என்ன வேலை என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பதிவறைச் சாவி வைத்திருந்தவர் கிளம்பிப் போயிருந்தார். இருவரும் கட்டுகளைத் திரும்ப மேலே தூக்கிக்கொண்டு வந்தார்கள்.